உளவுத்துறை யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்? தமிழ்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

கன்னியாகுமரித் தொகுதி உறுப்பினர் உள்ளிட்ட தமிழ்நாட்டின் 39 மக்களவை உறுப்பினர்களுக்கும் 18 மாநிலங்களவை உறுப்பினர்களுக்கும்,

இந்த நாட்டில் உளவுத்துறையின் அதிகாரத்தை வரையறுக்கும் சட்டம் ஒன்று கிடையாது. ஐ.பி. என்று நாம் சொல்லும் உள்நாட்டு உளவு அமைப்பு 1887ல் வெள்ளைக்காரர் ஆட்சியில் தொடங்கியது. வெளிநாட்டு உளவுக்கான ‘ரா’, சீனப் போரும் பாகிஸ்தான் போரும் கொடுத்த அடிக்குப் பிறகு, 1968 செப்டம்பரில் இந்திரா காந்தி ஆட்சியில் ஐ.பி.யிலிருந்து பிரிக்கப்பட்டது. இரண்டுமே நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் பிறந்தவை அல்ல. 1985ல் இவற்றைப் பற்றி ஒரு சட்டம் வந்தது. அங்கே வேலை பார்ப்பவர்கள் சங்கம் வைக்கக் கூடாது, பத்திரிகைகளிடம் பேசக் கூடாது என்று சொல்வதற்காக வந்த சட்டம் அது. இந்த அமைப்புகள் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது, தவறு செய்தால் யாரிடம் பதில் சொல்ல வேண்டும் என்பதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

நடைமுறையில் ஐ.பி. உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருகிறது, ‘ரா’ அமைச்சரவைச் செயலகத்தின் கீழ் வருகிறது. முக்கியமான தகவலெல்லாம் கடைசியில் பிரதமரின் மேசைக்குத்தான் போகிறது. ஐ.பி.க்கு மட்டும் ஆண்டுக்கு மூவாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கப்படுகிறது. அதற்கு ஒப்புதல் கொடுப்பது உங்கள் அவை. அந்தப் பணத்தில் யாரை வேவு பார்த்தார்கள், எதற்காகப் பார்த்தார்கள் என்று கேட்க உங்கள் அவையில் ஒரு குழு கூட இல்லை. இத்தனை ஆண்டுகளாக இதைச் சகித்துக்கொண்டிருக்கிறீர்கள். என்னால் இனி முடியாது என்பதால் எழுதுகிறேன்.

நான் குளச்சலுக்கு மேற்கே ஒரு கடற்கரை ஊர்க்காரன். அரசுப் பள்ளியில் வரலாறு சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவன். 2016 ஜூலையில் எங்கள் பக்கத்து ஊரான இனயத்தில் பெரிய சரக்குப் பெட்டகத் துறைமுகம் கட்ட மத்திய அமைச்சரவை கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்தது. கடல் அரிப்பில் ஆண்டுதோறும் வீடுகளைப் பறிகொடுக்கிற கரை இது. கடலுக்குள் நீட்டிக் கல் கொட்டிக் கட்டுகிற ஒரு தூண்டில் வளைவு போட்டாலே அதற்கடுத்த ஊரைக் கடல் தின்னும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பெரிய அலைத்தடுப்புச் சுவர் போட்டால் என்ன ஆகும் என்று கேட்டோம். கோயில் முற்றத்தில் கூட்டம் போட்டோம், கலெக்டர் அலுவலகத்துக்கு மனு எடுத்துக்கொண்டு போனோம். சட்டம் அனுமதித்த வழியை விட்டு நாங்கள் விலகவில்லை.

அப்போதுதான் அந்த ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மஃப்டியில் வருவார்கள். ஒருவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கட்டன் சாயா வாங்கிக் குடித்துக்கொண்டே பையன்களிடம் பேச்சுக் கொடுப்பார். “மைக் செட்டுக்கு யாருடே பைசா குடுத்தது?”, “சாமியாருக்கு வெளிநாட்டுல இருந்து பணம் வருதா?”, “பந்தல் போட்டது ஆரு?” சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தார். பதில் சொன்ன பையனின் பெயர், தகப்பன் பெயர், வீடு எந்தப் பக்கம் என்பது வரை அதில் எழுதிக்கொண்டார். நான் போய், நீங்கள் எந்தத் துறை, அடையாள அட்டை இருக்கிறதா என்று கேட்டேன். “ஒண்ணும் இல்ல சார், சும்ம ஒரு தகவலுக்குத்தான்” என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் மாநில உளவுப் பிரிவா, கியூ பிராஞ்சா, டெல்லிக்கு எழுதுகிற ஐ.பி.யா என்று இன்று வரை எங்களுக்குத் தெரியாது. மைக் செட்டுக்குப் பணம் கொடுத்தது வள்ளக்காரர்கள். அன்றைக்கு மீன் விற்ற காசில் ஆளுக்குக் கொஞ்சம் ஒதுக்கினார்கள். அந்தக் கணக்கு கோயில் அறிவிப்புப் பலகையில் எல்லாரும் பார்க்கிற மாதிரி ஒட்டியிருந்தது. அவர் அதைப் படிக்கவில்லை.

அந்த நோட்டில் பெயர் ஏறிய பையன்களில் என் தங்கை மகனும் ஒருவன். கத்தாரில், கடலுக்குள் இருக்கும் எண்ணெய்க் கிணறுகளுக்குச் சரக்கு கொண்டுபோகிற கப்பலில் வேலை பார்த்தவன். விடுமுறைக்கு வந்திருந்தபோது கூட்டத்துக்கு வந்தான், நாற்காலி எடுத்துப் போட்டான், அவ்வளவுதான். அவன் மீது எந்த வழக்கும் இல்லை. பிறகு பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க விண்ணப்பித்தான். அவனோடு விண்ணப்பித்த தெருக்காரர்களுக்கெல்லாம் வந்துவிட்டது, அவனுக்கு வரவில்லை. விசாரிக்கப் போனபோது ஒரு காவலர், என்னிடம் ஒரு காலத்தில் படித்தவர், குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “சார், எங்க கைல ஒண்ணும் இல்ல. மேல ஒரு ரிப்போர்ட் கெடக்கு. அதுல என்ன எழுதியிருக்குன்னு எனக்கே காட்ட மாட்டாங்க.”

பாஸ்போர்ட் தர மறுத்தால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும், கேட்டால் தர வேண்டும் என்று 1967ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது, நாட்டின் பாதுகாப்பு போன்ற சில விலக்குகளோடு. இவனுக்கு மறுக்கவில்லை, கிடப்பில் போட்டார்கள். கிடப்பில் போடுவதற்கு யாரும் காரணம் எழுத வேண்டியதில்லை. மாதங்கள் ஓடின, கப்பல் கம்பெனி வேறு ஆளை எடுத்துக்கொண்டது. பிறகு ஒரு நாள் எந்த விளக்கமும் இல்லாமல் பாஸ்போர்ட் தபாலில் வந்தது. கடன் வாங்கிக் கல்யாணம் முடித்திருந்த தங்கை, அந்த இடைவெளியில் கழுத்தில் கிடந்ததை அடகு வைத்தாள்.

அந்த ரிப்போர்ட்டில் என்ன இருந்தது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். இந்தப் பிரிவுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. மனித உரிமை மீறல், ஊழல் தொடர்பான தகவலுக்கு அந்த விலக்கு பொருந்தாது என்று 24ஆம் பிரிவே சொல்கிறதே என்று மேல்முறையீடு செய்தேன். அதையும் அண்மையில் தள்ளிவிட்டார்கள். இனி நான் போய்க் கேட்பதற்கு ஒரு அலுவலகமும் இல்லை. அதனால்தான் சட்டம் இயற்றுகிற உங்களிடம் வருகிறேன்.

ஒரு பையனின் பாஸ்போர்ட் விஷயத்தை நாட்டின் பாதுகாப்போடு முடிச்சுப் போடுகிறாரே என்று உங்களுக்குத் தோன்றலாம். முடிச்சு ஏற்கெனவே இருக்கிறது. உளவு அமைப்பு ஆட்சியில் இருக்கிற ஒருவருக்கு மட்டுமே பதில் சொல்ல வேண்டியிருந்தால், அந்த ஒருவர் எதைக் கண்டு பயப்படுகிறாரோ அதைத்தான் அது தேடிக்கொண்டிருக்கும். மக்கள் எதைக் கண்டு பயப்பட வேண்டுமோ அது கோப்புக்குள் கிடக்கும். இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை. மூன்று நாடுகளில் நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் பக்கத்து நாடு. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. எங்கள் ஊரில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்து உட்கார்ந்த நேரத்தில்தான் கொழும்பு கொச்சிக்கடை அந்தோணியார் கோயிலில் குண்டு வெடித்த செய்தி வந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் நம்மைப் போலவே பூசைக்குப் போனவர்கள். நீர்கொழும்பில், மட்டக்களப்பில், கொழும்பின் ஹோட்டல்களில் என்று 260க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அந்தத் தாக்குதலைப் பற்றி இந்திய உளவுத்துறை ஏப்ரல் 4ஆம் தேதியே இலங்கையின் அரச புலனாய்வுச் சேவைக்குத் தகவல் கொடுத்திருந்தது. அதில் நம் ஆட்களின் திறமை தெரிகிறது, அதைப் பெருமையோடுதான் சொல்கிறேன். தகவல் போய்ச் சேர்ந்த இடத்தில் என்ன நடந்தது என்பதுதான் கேள்வி.

அங்கே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவே பாதுகாப்பு அமைச்சர், காவல்துறையும் அவர் கையில். 2018 அக்டோபரில் பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவோடு ஏற்பட்ட சண்டைக்குப் பிறகு, தேசியப் பாதுகாப்புச் சபைக் கூட்டத்துக்குப் பிரதமரை அழைப்பதையே நிறுத்திவிட்டார்கள். உளவுத் தலைவருக்கும் ஜனாதிபதிக்கும் இடையே ஒரே ஒரு பாதை. அந்தப் பாதையில் தகவல் நின்றுபோனால் கேட்க வேறு ஆள் இல்லை. தனக்கு யாரும் சொல்லவில்லை என்று ஜனாதிபதி பிறகு சொன்னார். 2023 ஜனவரி 12 அன்று இலங்கை உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. கடமை தவறியதற்காக அவர் தன் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும், உளவுத் தலைவர் ஏழரைக் கோடி கட்ட வேண்டும் என்று உத்தரவிட்டது. செத்தவர்களின் குடும்பங்கள் நீதிமன்றப் படி ஏறியதால் அந்தத் தீர்ப்பு வந்தது. நாடாளுமன்றத்தில் ஒரு குழு அந்த ஏப்ரல் மாதத்தில் உளவுத் தலைவரை அழைத்து, இந்த வாரம் என்ன வந்தது என்று கேட்கிற வழக்கம் இருந்திருந்தால்? அந்தக் கேள்வியை நீங்கள் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்தது அமெரிக்கா. சி.ஐ.ஏ. 1947ல் ட்ரூமன் கையெழுத்திட்ட சட்டத்தால் உருவானது. அதற்குக் காவல்துறை அதிகாரமும் உள்நாட்டுப் பாதுகாப்பு வேலையும் கிடையாது என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. 1967ல் வியட்நாம் போரை எதிர்த்து மாணவர்கள் தெருவுக்கு வந்தபோது ஜனாதிபதி ஜான்சன், இதன் பின்னால் வெளிநாட்டுக் கை இருக்க வேண்டும், கண்டுபிடியுங்கள் என்றார். சி.ஐ.ஏ. தேடியது. வெளிநாட்டார் இதை நடத்துவதாக ஆதாரம் இல்லை என்று அறிக்கை கொடுத்தது. ஜனாதிபதி அதில் சமாதானமாகவில்லை, இன்னும் தேடச் சொன்னார். அடுத்து வந்த நிக்சன் அதைவிட அதிகமாகத் தேடச் சொன்னார். ஆபரேஷன் கேயாஸ் என்ற பெயரில் நடந்த அந்த வேலையில் அமெரிக்கர்கள் சுமார் 7,200 பேர் மீது கோப்பு திறந்தார்கள், மூன்று லட்சம் பெயர்களைக் கணினியில் ஏற்றினார்கள். இது எங்கள் சட்ட வரம்புக்குள் வராத வேலை, வெளியே தெரிந்தால் எல்லாருக்கும் பெரிய சங்கடம் என்று சி.ஐ.ஏ. தலைவர் ரிச்சர்ட் ஹெல்ம்ஸே 1969ல் வெள்ளை மாளிகைக்கு எழுதினார். எழுதிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

இதே ஹெல்ம்ஸ் ஒரு இடத்தில் கடைசிவரை இணங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் நிக்சனின் ஆட்கள் புகுந்த வாட்டர்கேட் திருட்டை எஃப்.பி.ஐ. விசாரித்தபோது, தேசப் பாதுகாப்பைச் சொல்லி அதை நிறுத்த சி.ஐ.ஏ.வைப் பயன்படுத்தலாம் என்று நிக்சன் 1972 ஜூன் 23 அன்று தன் அறையில் பேசியது ஒலிநாடாவில் பதிவானது. சி.ஐ.ஏ. கொஞ்சம் வளைந்து, பிறகு முடியாது என்று நின்றது. ஹெல்ம்ஸ் பதவி இழந்து ஈரானுக்குத் தூதராகப் போனார். அந்த ஒலிநாடா வெளிவந்த சில நாளில் நிக்சன் பதவி விலகினார். ஒரு அதிகாரியின் மனசாட்சி ஒரு தடவை காப்பாற்றியது, ஒரு தடவை காப்பாற்றவில்லை. அதை நம்பி ஒரு நாடு இருக்க முடியாது என்பது அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் புரிந்தது. 1975ல் செனட்டர் ஃபிராங்க் சர்ச் தலைமையில் குழு போட்டார்கள். ரகசியக் கோப்புகளை வாங்கிப் படித்தார்கள், தலைவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டார்கள். 1976ல் செனட்டிலும் 1977ல் பிரதிநிதிகள் சபையிலும் நிரந்தர உளவுக் குழுக்கள் வந்தன. 1978ல், உள்நாட்டில் உளவுக்காக ஒட்டுக்கேட்க நீதிமன்ற அனுமதி வேண்டும் என்று சட்டம் வந்தது.

அதனால் அமெரிக்காவில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. 2003ல் ஈராக்கில் இல்லாத ஆயுதத்தைக் காட்டிப் போருக்குப் போனார்கள். ஆனால் உளவு அறிக்கை எங்கெங்கே மிகைப்படுத்தியது என்று அடுத்த ஆண்டே செனட் குழு பக்கம் பக்கமாக எழுதி வெளியிட்டது. அங்கே ஒரு சட்டம் இருந்தது, அதனால் மீறினீர்கள் என்று சொல்ல முடிந்தது. நம் நாட்டில் மீறினார்கள் என்று சொல்வதற்குக் கூடச் சட்டம் இல்லை.

இப்போது நம் கதைக்கு வருகிறேன். 2012 பிப்ரவரியில் பிரதமர் மன்மோகன் சிங் ஒரு அறிவியல் இதழுக்குக் கொடுத்த பேட்டியில், கூடங்குளம் எதிர்ப்புக்குப் பின்னால் பெரும்பாலும் அமெரிக்காவைச் சேர்ந்த தொண்டு நிறுவனங்கள் இருப்பதாகச் சொன்னார். அதே மாதத்தில் நாகர்கோவிலில் ஒரு விடுதியில் தங்கியிருந்த ஜெர்மானியர் ஒருவரை, போராட்டத்துக்குப் பணம் கொண்டுவந்தார் என்ற சந்தேகத்தில் பிடித்து நாடு கடத்தினார்கள். 2014ல் ஆட்சி மாறியது. ஜூன் மாதமே, வெளிநாட்டுப் பணம் வாங்கும் அமைப்புகளின் போராட்டங்கள் நாட்டின் வளர்ச்சியை ஆண்டுக்கு 2 முதல் 3 சதவீதம் குறைக்கின்றன என்று ஐ.பி. பிரதமர் அலுவலகத்துக்கு அனுப்பிய அறிக்கை பத்திரிகைகளில் கசிந்தது. அதன் சில வரிகள், புதிய பிரதமர் நரேந்திர மோடி குஜராத் முதலமைச்சராக இருந்தபோது 2006ல் ஆற்றிய ஒரு உரையின் வரிகளோடு ஒத்துப்போவதை ஒரு ஆங்கில நாளேடு சுட்டிக்காட்டியது. ஆட்சியில் இருப்பவர் என்ன நினைக்கிறாரோ, அதையே உளவுத்துறை அவருக்குத் திருப்பிச் சொல்லுமானால் அந்த அமைப்பால் அவருக்கும் பயனில்லை. காங்கிரஸ் ஆட்சி, பா.ஜ.க. ஆட்சி இரண்டிலும் கடற்கரைக்காரன் ஏன் போராடுகிறான் என்ற கேள்விக்கு ஒரே பதில்தான் தேடினார்கள்: யார் காசு கொடுத்தது? எங்கள் டீக்கடைக்கு வந்த அந்த நோட்டுக்காரரின் கேள்வி எங்கிருந்து கிளம்பியது என்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

2017 நவம்பர் 29 இரவு ஒக்கிப் புயல் வந்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று மேற்குக் கரை ஊர்கள் முழுக்க ஆண்கள் கடலுக்குள் இருந்தார்கள். பல நாள் தங்கி மீன்பிடிக்கிற படகுகள், கரையிலிருந்து செய்தி எட்டாத தூரம். யார் யார் கடலில் இருக்கிறார்கள் என்ற கணக்கு அரசிடம் இல்லை. ஒவ்வொரு ஊரிலும் கோயில் மேடையில் உட்கார்ந்து பெண்கள் சொல்லச் சொல்லப் பங்குத்தந்தையும் இளைஞர்களும் எழுதிய பட்டியல்தான் முதலில் இருந்த பட்டியல். எங்கள் மாவட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் திரும்பவே இல்லை. தேடுங்கள் என்று கேட்டு டிசம்பர் 7 அன்று ஆயிரக்கணக்கானோர் நடந்து போய்க் குழித்துறையில் ரயிலை மறித்தார்கள். அன்றைக்கு அங்கே மஃப்டியில் எத்தனை பேர் நின்றார்கள், எத்தனை செல்போன்கள் எங்கள் முகங்களைப் படம் பிடித்தன என்பதை நான் பார்த்தேன். துறைமுகக் கூட்டத்துக்கு வந்தவன் தகப்பன் பெயர் வரை எழுதி வைத்திருந்த அரசாங்கத்திடம், கடலில் தத்தளிக்கிறவன் பெயர் இல்லை. இதை எழுதும்போது இன்றும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

ரகசியம் இல்லாமல் உளவு பார்க்க முடியாது என்பீர்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். 2008 நவம்பரில் மும்பைக்கு வந்த கொலைகாரர்கள் ஒரு குஜராத் மீன்பிடிப் படகைக் கடத்தி, அதில் இருந்தவர்களைக் கொன்றுவிட்டுத்தான் வந்தார்கள். முதலில் செத்தவர்கள் மீனவர்கள். பயங்கரம் கடல் வழியாக வரும் என்பதை எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அதன் பிறகு அடையாள அட்டை கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டோம். ‘சாகர் கவச்’ ஒத்திகை நடக்கிற நாளில் மெரைன் போலீஸ் படகை நிறுத்திச் சோதனை போடுகிறார்கள், ஒத்துழைக்கிறோம். கடலோரப் பாதுகாப்பின் கண்ணும் காதும் மீனவர்கள்தான் என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். உளவு வேண்டாம் என்று இந்தக் கரையில் யாரும் சொல்லவில்லை. பிரிட்டன் 1994ல் தன் வெளிநாட்டு உளவு அமைப்புக்குச் சட்டமும் நாடாளுமன்ற உறுப்பினர்கள் குழுவும் கொண்டுவந்தது. அதனால் அங்கே உளவு வேலை நின்றுபோகவில்லை.

இது உங்களுக்குப் புதிய யோசனையும் அல்ல. 2010 ஜனவரியில், ‘ரா’வின் முதல் தலைவர் காவ் நினைவுச் சொற்பொழிவில், அன்று குடியரசுத் துணைத் தலைவராகவும் மாநிலங்களவைத் தலைவராகவும் இருந்த ஹமீத் அன்சாரி, உளவு அமைப்புகள் நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றார். 2011ல் காங்கிரஸ் உறுப்பினர் மணீஷ் திவாரி மக்களவையில், அமைச்சராக இல்லாத உறுப்பினர் கொண்டுவருகிற தனிநபர் மசோதாவே கொண்டுவந்தார். அவர் அமைச்சரானதும் அது செத்தது. உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார்கள், 2016ல் தள்ளுபடியானது. 2018ல், தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்காக அரசு அமைத்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு, உளவு வேலையில் பெரும்பகுதி சட்டத்துக்கு வெளியே நடக்கிறது, ஆட்சியாளர்களுக்கு வெளியே உருப்படியான கண்காணிப்பு மிகக் குறைவு என்று எழுதியது. தொலைபேசி ஒட்டுக்கேட்பு உத்தரவுகளைப் பரிசீலிக்கிற மத்தியக் குழுவில் மூன்று செயலாளர்கள் இருக்கிறார்கள். ஒரு நீதிபதி இல்லை, உங்களில் ஒருவரும் இல்லை. அரசு உத்தரவிட்டதை அரசே சரிபார்த்துக்கொள்கிறது. செல்போனுக்குள் புகுந்து வேவு பார்க்கிற பெகாசஸ் மென்பொருள் விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 29 செல்போன்களைச் சோதித்தது, ஐந்தில் ஏதோ ஒரு வேவு மென்பொருள் இருந்தது, அது பெகாசஸ்தானா என்று முடிவாகச் சொல்ல முடியவில்லை. மத்திய அரசு விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை என்று 2022 ஆகஸ்டில் தலைமை நீதிபதியே திறந்த நீதிமன்றத்தில் சொன்னார். நீதிமன்றத்துக்கே அந்தக் கதி. நாடாளுமன்றம் தவிர வேறு யாராலும் இதை அசைக்க முடியாது.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன்.

ஐ.பி., ‘ரா’ இரண்டின் அதிகாரத்தையும் வரம்பையும் எழுதி வைக்கிற மசோதாவை, கட்சி பாராமல் சேர்ந்து இரண்டு அவைகளிலும் தனிநபர் மசோதாவாகவாவது கொண்டுவாருங்கள். அமைதியான போராட்டம், தேர்தல் அரசியல், தொழிற்சங்கம், வழிபாட்டுக் கூட்டம் ஆகியவற்றை வேவு பார்க்கக் கூடாது என்று அதில் தெளிவாக எழுத வேண்டும். வன்முறைக்கு ஆதாரம் இருந்தால், அந்த ஆதாரத்தைக் கோப்பில் வைத்துவிட்டுச் செய்யட்டும்.

இரண்டு அவைகளும் சேர்ந்த ஒரு நிரந்தரக் குழு வேண்டும், அதன் தலைவர் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். மூடிய அறையில், ரகசியக் காப்பு உறுதிமொழி எடுத்துக்கொண்டு, உளவுத் தலைவர்களை அழைத்துக் கேட்கும் அதிகாரமும் கோப்பைப் பார்க்கும் அதிகாரமும் அதற்கு வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை, சொல்லக்கூடியதைச் சொல்லி ஒரு அறிக்கையை வெளியிட வேண்டும்.

உள்நாட்டில் ஒருவரைக் கண்காணிக்கப் பிரதமரோ உள்துறை அமைச்சரோ கொடுக்கிற உத்தரவு எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். வாய்மொழி உத்தரவை மறுக்கும் அதிகாரிக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும். ஒட்டுக்கேட்பைப் பரிசீலிக்கும் குழுவில் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் இருக்க வேண்டும்.

மாநில உளவுப் பிரிவுகளுக்கும் இதே வரம்பு வேண்டும். சட்டமன்றத்தில் இருக்கும் உங்கள் கட்சிக்காரர்களிடம் அதை நீங்கள் வலியுறுத்த வேண்டும்.

பாஸ்போர்ட், அரசு வேலை, துறைமுகப் பணி அனுமதி எதுவானாலும், உளவு அறிக்கையைச் சொல்லி நிறுத்தி வைத்தால் 60 நாளுக்குள் அந்த ஆளுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். முழு அறிக்கையைக் காட்ட முடியாவிட்டால் சாரத்தையாவது சொல்ல வேண்டும். மேல்முறையீட்டை ஒரு நீதித்துறை அலுவலர் கேட்க வேண்டும். தவறான அறிக்கையால் வேலை போனவருக்கு இழப்பீடு வேண்டும்.

சட்டம் வர நாளாகும் என்பது எனக்குத் தெரியும். அதுவரை அடுத்த கூட்டத்தொடரில் உங்களில் ஒருவராவது இந்தக் கேள்வியை உள்துறை அமைச்சரிடம் கேளுங்கள்: கடந்த பத்து ஆண்டுகளில் உளவு அறிக்கையின் பேரில் கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் எத்தனை பாஸ்போர்ட் விண்ணப்பங்கள் நிறுத்தி வைக்கப்பட்டன, அவற்றில் எத்தனை பேர் மீது குற்றப்பத்திரிகை தாக்கலானது? தேசப் பாதுகாப்பைச் சொல்லிப் பதில் மறுத்தால், மறுத்தது என்பதாவது அவைக் குறிப்பில் ஏறட்டும். எனக்குத் தனியாகக் கடிதம் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
கல்குளம் வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்